பழுப்பு மூக்கு

அந்த நாயை ஆண் என்று எழுதியது அஃபீஃபாதான். யாரும் கையைப் பிடித்து எழுதவைக்கவில்லை. படிவத்தில் ஆண், பெண் என்று இரண்டு கட்டம் இருந்தது. முதல் கட்டத்தில் நீல மையில் ஒரு டிக் போட்டாள். அதையும் பின்பக்கம் தடம் விழுகிற அளவுக்கு அழுத்திப் போட்டாள். இரண்டரை வருஷம் கழித்து, ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், இது ஆண் இல்லை என்று கம்ப்யூட்டர் சொன்னது.

கம்ப்யூட்டர் சொல்வதெல்லாம் வேதமா என்ன, அவள் நம்பவில்லை. ஆண் நாய்க்கு எக்ஸ் என்கிற குரோமோசோம் ஒன்றும் ஒய் என்பது ஒன்றும் இருக்க வேண்டும். பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு, ஒய் கிடையாது. அவள் சேர்த்து வைத்திருந்த நாய்க்கு எக்ஸ் இரண்டு பங்கு இருந்தது. ஒய்யில் பேருக்கு ஒரு துண்டுகூட இல்லை. புரோகிராமில்தான் கோளாறு என்று முதலிலிருந்து மறுபடி ஓடவிட்டாள். ஒன்பது நாள் ஓடியது. நடுவில் இரண்டு தடவை கரண்ட் போய், பேட்டரியும் செத்து, விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டியதாயிற்று. பத்தாம் நாளும் அதே பதில்தான் வந்தது.

வேலை இதுதான். பச்சைமலை அடிவாரத்தில் ஒரு வேட்டைநாய் ஜாதி இருக்கிறது. ஒட்டிய வயிறு, நீளக் கால், செம்பட்டை நிறம். அந்த ஜாதியில் ஒரு நாயின் ரத்தத்தை எடுத்து, அதன் மரபணு முழுவதையும் எழுத்து எழுத்தாகப் படித்துச் சேர்த்து வைக்க வேண்டும். இனி அந்த ஜாதியில் எந்த நாயைப் பற்றி யார் ஆராய்ந்தாலும் இதோடுதான் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். மிஷின் முழுசாகப் படித்துத் தராது, துண்டு துண்டாகத்தான் தரும். ஒரு கல்யாணப் பத்திரிகையின் முப்பது பிரதிகளைக் கிழித்துக் கலந்து கொட்டிவிட்டு, கிழிசலோடு கிழிசலைப் பொருத்தி ஒரு பத்திரிகையைப் படித்து முடிக்கிற மாதிரி. அதுவும் இருநூற்று நாற்பது கோடி எழுத்துள்ள பத்திரிகை. ரத்தம் ஒரு வருஷம் ஃப்ரீசரில் கிடந்தது, பணம் வரவில்லை என்று. பிறகு மிஷினுக்கு வரிசை, பிறகு கம்ப்யூட்டருக்கு வரிசை. காத்திருந்தே அவளுக்கு இருபத்தொன்பது வயதாகிவிட்டது. மார்கழியோடு உதவித்தொகையும் முடிகிறது.

பாலக்கரைப் பக்கத்து வீட்டில் அவளும் அம்மா ஆரிஃபாவும் மட்டும்தான். அத்தா ஷார்ஜாவில் இருக்கிறார். மகள் நாய் சம்பந்தமான வேலையில் சேர்ந்திருக்கிறாள் என்று தெரிந்த அன்றைக்கே ஆரிஃபா ஒரு பழைய பெயிண்ட் டப்பாவில் செம்மண் வாங்கி, சலித்து, கல் பொறுக்கி, குளியலறை மூலையில் வைத்துவிட்டாள். நாயின் வாய்நீர் பட்டால் ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் போட்டுக் கழுவ வேண்டும். சின்ன வயதில் ஓதிக்கொடுத்தவர்கள் அவளுக்குச் சொன்னது அது. மூன்று வருஷமாக அந்த மண்ணுக்கு வேலை வரவில்லை. மழைக்காலத்தில் பூசணம் பிடித்தால் ஆரிஃபா அதைக் கொட்டிவிட்டு வேறு மண் மாற்றிவைப்பாள். குளிக்கப் போகும்போதெல்லாம் அந்த டப்பா யாரோ விரலை ஆட்டி எச்சரிக்கிற மாதிரி அஃபீஃபாவுக்குத் தோன்றும்.

ரத்தம் எடுத்த அன்றைக்கும் அந்த டப்பாதான் மனசில் இருந்தது. பங்குனிக் கடைசி, ரமலான் மாசம், நோன்பு வேறு. அவளும் பேராசிரியை ரங்கநாயகியும் துறையூருக்கு மேற்கே ஒரு சின்ன ஊருக்கு ஜீப்பில் போயிருந்தார்கள். அழகர்சாமி என்பவர் வீடு. பதினோரு தலைமுறையாக வெளி ரத்தம் கலக்காமல் நாய் வளர்க்கிற குடும்பம் என்று சுற்றுவட்டாரமே சொல்லும். ரங்கநாயகி மேடம் ஜீப்பிலேயே உட்கார்ந்து டிரை ஐஸ் கொண்டுவருகிற கூரியர்காரனோடு போனில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஓய்வுபெற்ற கால்நடைக் கம்பவுண்டர் ஒருவர் ஊசியோடு வந்திருந்தார். எடுக்கச் சொன்னார்கள், எடுத்தார். படிவம் அவர் வேலை இல்லை. மாட்டுக் கொட்டகையின் அரையிருட்டில் நாயைச் சாக்கின்மேல் படுக்கவைத்து, முகத்தைத் துண்டால் மூடி, அழகர்சாமியே பிடித்துக்கொண்டிருந்தார். அஃபீஃபா வாசல் பக்கம் பத்தடி தள்ளி அட்டையும் பேனாவுமாக நின்றாள். துறையூரில் தோழி வீட்டில் இறங்கி அஸர் தொழ வேண்டும், மாற்றுடுப்பு இல்லை. நாய் உடம்பை ஒரு உதறு உதறினால் போதும். "பேரு வீரன். ஆம்பளை" என்று அழகர்சாமி சொன்னார். அவள் டிக் போட்டாள்.

பத்தாம் நாள் ரங்கநாயகியிடம் சொல்லிவிட்டாள். மேடத்துக்கு ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் வீடு. மூட்டு வலியோடு தினமும் பஸ்ஸில் வந்து போகிறவர். டிபன் டப்பாவைத் திறந்தவர் அப்படியே மூடி வைத்தார். திட்டியிருந்தால்கூட அஃபீஃபாவுக்குத் தேவலாம் போலிருந்திருக்கும்.

"நீ பாத்தியா, பாக்கலையா?"

"பாக்கலை மேடம். அவர் சொன்னார், எழுதினேன்."

"நானும் ஜீப்பை விட்டு எறங்கலை" என்றார் மேடம். மழையைப் பார்த்தபடியே பேசினார். பெண் நாயாக இருந்தால் ஒன்றும் குடி முழுகிப் போகாது. ஆனால் எந்தப் பெண் நாய் என்று தெரிய வேண்டும். வீரனோடு ஒரே ஈற்றில் பிறந்ததா, தெருவில் போனதா? யாருடையது என்றே தெரியாத மரபணுவை இந்த ஜாதிக்கு அளவுகோல் என்று எப்படி வைப்பது? தெரியாவிட்டால் இரண்டரை வருஷ உழைப்பையும் குப்பையில் கொட்ட வேண்டியதுதான். போய், கேட்டு, அந்த நாய் உயிரோடிருந்தால் வாயில் பஞ்சுக்குச்சி விட்டு எச்சில் எடுத்து வரச் சொன்னார். ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம்.

கிளம்புவதற்கு முன் அஃபீஃபா இன்னொன்றையும் பார்த்து வைத்தாள். நாயின் மூக்குக்குக் கறுப்பு நிறம் கொடுக்க ஒரு மரபணு இருக்கிறது. அதன் இரண்டு பிரதியும் உடைந்திருந்தால் மூக்கு கறுக்காது, பழுப்பாகவே நின்றுவிடும். அவள் சேர்த்த நாய்க்கு இரண்டும் உடைந்திருந்தன. ஆக, அவள் தேடிப் போவது ஒரு பழுப்பு மூக்கு.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஏறும்போதே நல்ல மழை. காவிரியில் செங்காவித் தண்ணீர் இரு கரையும் தொட்டுப் போயிற்று. மாம்பழச் சாலை, டோல்கேட், மண்ணச்சநல்லூர் என்று பஸ் நின்று நின்று போனது. ஜன்னல் ஷட்டர் இறங்காமல் பாதிச் சுடிதார் நனைந்துவிட்டது. துறையூரில் டவுன் பஸ் மாறி இறங்கியபோது மணி பதினொன்று. சேற்றில் செருப்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் போனது. பேசாமல் அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தாள். அவ்வளவு அலுத்திருந்தது.

அழகர்சாமி மக்காச்சோள மூட்டைகளைத் தார்ப்பாய் போட்டு மூடிக்கொண்டிருந்தார். அறுபதைத் தாண்டியவர். அவளைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்து, புஸ்தகம் வந்துவிட்டதா என்று கேட்டார். தன் நாயைப் பற்றிப் பெரிய புஸ்தகம் வரப்போகிறது என்று இரண்டரை வருஷமாக ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார் மனுஷன். அஃபீஃபாவுக்கு எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. வீரனைப் பார்க்கணுங்க ஐயா என்றாள்.

வீரன் வந்தான். வயதாகியும் இடுப்பு வளையாத, நெஞ்சு இறங்கிய ஆண் நாய். அவள் இந்தத் தடவை முழுசாகப் பார்த்தாள். ஆண்தான், அதில் சந்தேகமே இல்லை. மூக்கு அடுப்புக்கரி மாதிரி கறுப்பாக இருந்தது.

"ஐயா, அன்னிக்கு ரத்தம் எடுத்தது இவன்கிட்ட இல்லீங்களே."

அழகர்சாமி தார்ப்பாயின் முடிச்சை அவிழ்த்து மறுபடி போட்டார். இவன்தான் என்றார். கம்ப்யூட்டரில் என்னமோ கோளாறு பண்ணிவிட்டு என் நாயைக் குறை சொல்லாதே பாப்பா என்றார். குரலில் கோபத்தைவிட மிரட்சிதான் இருந்தது. மேலே பேசினால் விட்டுவிட்டுப் போய்விடுவார் போலிருந்தது. நல்லவேளை, உள்ளேயிருந்து அவர் மனைவி வெள்ளையம்மாள் சாப்பிடக் கூப்பிட்டாள்.

சுடச்சுடக் கம்பஞ்சோறும் கருவாட்டுக் குழம்பும். போன தடவை நோன்பு என்று இந்தப் பிள்ளை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனது வெள்ளையம்மாளுக்கு இன்னும் ஆறவில்லை. அன்றைக்கு வேர்க்கடலையை வறுத்து, நோன்பு திறக்க என்று மடித்துக் கொடுத்து அனுப்பியவள் அவள்தான். அதையும் சேர்த்து இன்று இரண்டு மடங்கு போட்டாள். அஃபீஃபா நாலு வாய் சாப்பிட்டுவிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அம்மா, உங்க வீட்டுல பழுப்பு மூக்கோட ஒரு பொட்டை இருக்குங்களா?"

வெள்ளையம்மாளின் கை குழம்புக் கரண்டியோடு அப்படியே நின்றது. வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அழகர்சாமி நிலைப்படியில் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"கேக்குது பாருங்க" என்றாள் அவரிடம். "இதுக்கு மேலயும் அந்தப் புள்ளையை அலைய விடாதீங்க. நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

அவர் உட்கார்ந்தார். சொல்ல ஆரம்பித்தபோது அவளைப் பார்க்காமல் தரையைப் பார்த்தே சொன்னார்.

"அன்னிக்கு காப்பு கட்டி மூணாம் நாளு, ஆயி. வீரன் கருப்பசாமிக்கு விட்ட நாயி. பாரிவேட்டைக்கு முன்னால ஓடுறவன். இப்ப வேட்டை எல்லாம் இல்ல, கோயிலைச் சுத்தி ஓடறதோட சரி. ஆனாலும் அவன் கழுத்துலயும் காப்பு இருக்குல்ல? அத அவுக்குற வரைக்கும் அவன் ரத்தம் ஒரு சொட்டு மண்ணுல விழக்கூடாது, எல்லை தாண்டக்கூடாது. நீங்க என்னடான்னா ஐஸ் பெட்டியும் ஜீப்புமா வந்து நிக்கிறீங்க. நீ வேற வாய் காஞ்சு நிக்கிற. வந்தவங்கள இல்லைன்னு எப்படி அனுப்புறது? வாய் வரல ஆயி எனக்கு."

"எட்டு நாள் கழிச்சு வாங்கன்னு சொல்லியிருந்தா வந்திருப்போமே ஐயா."

"சொல்லியிருக்கலாம்" என்றார் அவர்.

இல்லை என்று சொல்ல முடியாமல் அவர் கொடுத்தது வீரனோடு ஒரே ஈற்றில் பிறந்த தங்கையின் ரத்தம். பெயர் செவத்தி. அது வெள்ளையம்மாள் வைத்த பெயர். மூக்கு கறுக்காத குட்டியை இந்தப் பக்கத்தில் யாரும் வாங்க மாட்டார்கள், வைத்திருக்கவும் மாட்டார்கள், பிறந்த அன்றே ஒரு வழி பண்ணிவிடுவார்கள். அன்றைக்கு அழகர்சாமி குழி தோண்டக் கடப்பாரையை எடுத்துவிட்டார். வெள்ளையம்மாள் குட்டியை மடியில் கட்டிக்கொண்டு சோளக்காட்டுக்குப் போனவள் பொழுது சாய்ந்துதான் திரும்பினாள். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, அந்த நாயை யார் கண்ணிலும் காட்டவுமில்லை. துண்டால் முகத்தை மூடியது கடிக்கும் என்று இல்லை, மூக்குக்காகத்தான்.

"இப்ப என்ன, அந்த மூக்கு செத்ததுதான் எங்க ஜாதிக்கே அளவுன்னு எழுதப் போறியா?" என்றார். "அழகர்சாமி வீட்டு நாயின்னா இதானான்னு ஊரே சிரிக்கும். வீரன்கிட்ட இப்ப எடுத்துக்க ஆயி. எவ்ளோ வேணாலும் எடுத்துக்க."

எடுத்துக்கொள்ளலாம்தான். ஆனால் மறுபடி பணம் வர வேண்டும், மறுபடி வரிசை, மறுபடி இரண்டு வருஷம். அஃபீஃபா பொறுமையாகச் சொல்லிப் பார்த்தாள். ஒரே தாய், ஒரே தகப்பன், அதே பதினோரு தலைமுறை ரத்தம், அதில் ஒரு குறையும் இல்லை என்றாள். அந்தப் பழுப்பு மூக்கு வெளியிலிருந்து வந்ததில்லை, வீரனைப் பெற்ற இரண்டு நாய்களும் ஆளுக்குப் பாதி கொடுத்தது என்றும் சொன்னாள். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. வெள்ளையம்மாள் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அப்ப வீரனோட அப்பன்கிட்டயும் இருந்துச்சுன்னு சொல்லு" என்று புருஷனை ஒரு பார்வை பார்த்தாள்.

செவத்தி கொட்டகைக்குப் பின்னால், வைக்கோல் போருக்கு அடியில் படுத்திருந்தது. ஏழெட்டு வயதிருக்கும். வெள்ளையம்மாள் கூப்பிட்டதும் சோம்பலாக எழுந்து வந்தது. ஈரச் செங்கல் நிறத்தில் மூக்கு. இருநூற்று நாற்பது கோடி எழுத்தாக இரண்டரை வருஷம் திரையில் பார்த்த ஜீவன் இதுதான் என்று நினைத்ததும் அஃபீஃபாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்கு ஒன்றும் தெரியாது. அவள் கையில் கருவாட்டு வாசனை இருக்கிறதா என்று மோந்துகொண்டிருந்தது.

அவள் சேற்றில் மண்டியிட்டாள். முதலில் பார்க்க வேண்டியதைப் பார்த்தாள். பெண். பிறகு கையுறை மாட்டிக்கொண்டு, தாடையைப் பிடித்துத் திறந்து, கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக்குச்சியால் தேய்த்தாள். செவத்தி வாயைக் கொடுத்துக்கொண்டு சும்மா நின்றது. முடிந்ததும் அவள் முழங்கை வரைக்கும் நக்கி, துப்பட்டாவிலும் வாயைத் துடைத்துக்கொண்டது. மொத்தம் இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. இந்த இரண்டு நிமிஷத்தை அன்றைக்கே செலவழித்திருக்கலாம்.

கிளம்பும்போது அழகர்சாமி வெளியே வரவில்லை. வெள்ளையம்மாள்தான் பஸ் நிறுத்தம் வரை குடை பிடித்துக்கொண்டு வந்தாள். "புஸ்தகத்துல அவ பேரைப் போடுவியா?" என்று கேட்டாள். போடுவேன் என்றாள் அஃபீஃபா.

திரும்பும் வழியில் மாம்பழச் சாலையில் இறங்கி ரங்கநாயகி வீட்டுக்குப் போனாள். உடுப்பெல்லாம் நாய் பட்டிருக்கிறது, உள்ளே வரவில்லை மேடம் என்று வாசலிலேயே நின்றாள். ரங்கநாயகி உள்ளே திரும்பி ஒரு பார்வை பார்த்தார். பூஜை அறையில் விளக்கு ஏற்றியாகிவிட்டது. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து வாசலில் போட்டார், தானும் இன்னொன்றில் உட்கார்ந்துகொண்டார். கேட்டு முடித்ததும் அவர் முதலில் சொன்னது, "பெருமாள் காப்பாத்தினார்." ஒரே ஈற்று என்பதால் வேலை வீணில்லை, குச்சியின் முடிவு வந்ததும் திருத்தி எழுதி அனுப்பலாம். ஆனால் பணம் கொடுத்தவர்களுக்கு விளக்கம் கொடுக்க வேண்டும். அவர்கள் ஆள் அனுப்பி மறுபடி சோதிப்பார்கள். ஆறு மாசமாவது இழுக்கும். அதற்குள் உதவித்தொகை முடிந்துவிடும், அதற்குத் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார்.

"வளர்த்தவர் தப்பான நாயைக் குடுத்துட்டார்னு எழுதிடு. அது பொய்யும் இல்லையே. உன் பேர்ல கறை விழாது."

அஃபீஃபா யோசித்தாள். பொய் இல்லைதான். அழகர்சாமிக்கு இங்கிலீஷ் தெரியாது, எழுதினது என்னவென்று கடைசிவரை அவர் அறியப் போவதும் இல்லை. காப்புக் கட்டின நாயை விட்டுக்கொடுக்கவும் முடியாமல், வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பவும் முடியாமல் நின்ற மனுஷனின் முகம் கண்ணில் நின்றது.

"டிக் போட்டது நான் மேடம். பாக்காம போட்டேன்னே எழுதிடறேன்."

"ஏன் பாக்கலைன்னு பணம் குடுத்தவா கேப்பாளே?"

மழை விட்டிருந்தது. ரங்கநாயகி கொடுத்த காபியைக் குடித்துவிட்டு எழுந்தாள்.

வீட்டுக்கு வந்தபோது மஃரிப் பாங்கு சொல்லிவிட்டார்கள். கதவைத் திறந்த ஆரிஃபா மகளைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள். சேறு, வைக்கோல், துப்பட்டாவில் நாயின் வாய்நீர் காய்ந்த தடம். நேராகக் குளியலறைக்குப் போய் டப்பாவைத் திறந்தாள். சலித்து வைத்த மண் அப்படியே பூப்போல இருந்தது. மகளை முக்காலியில் உட்காரவைத்து, சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, முழங்கையில் மண்ணைப் பூசித் தானே தேய்த்தாள். முதல் கழுவு. பிறகு சொம்பில் தண்ணீர் மொண்டு ஊற்ற ஊற்ற எண்ணினாள். இரண்டு, மூன்று. அஃபீஃபா எல்லாவற்றையும் சொன்னாள். ஒய் இல்லாதது, மூக்கு, காப்பு, கட்டத்தில் போட்ட டிக், மார்கழியோடு முடிகிற சம்பளம். சொல்லச் சொல்ல அழுகை வந்துவிட்டது.

"பத்தடி தள்ளி நின்னேம்மா. கிட்டப் போயிருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்."

நான்காவது சொம்பு ஊற்றப் போன ஆரிஃபாவின் கை நின்றது.

"ஏன் தள்ளி நின்னே?"

"நீ மண்ணு வாங்கி வச்சியேம்மா. அதைப் பாக்கறப்பல்லாம் பயமா இருக்கும்."

ஆரிஃபா மகளையும் டப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள். மூன்று வருஷமாக மழைக்கு மழை மாற்றிய மண். அவள் முகம் சுருங்கிப் போயிற்று.

"தொடாதேன்னு நான் எப்பம்மா சொன்னேன்? நீ தொட்டுட்டு வருவேன்னுதானே வாங்கி வச்சேன்" என்றாள்.

பிறகு சொம்பில் தண்ணீர் மொண்டு, விட்ட இடத்திலிருந்து எண்ண ஆரம்பித்தாள். நான்கு. ஐந்து.